முப்பதுக்கு முன்னால் விற்றுவிட வேண்டும்

என் அண்ணனைப் போல ஈவிரக்கமில்லாத முதலாளியை நான் பார்த்ததில்லை. அவனிடம் இருந்தது ஒரே ஒரு கூடைப்பந்து அணி, அதுவும் கம்ப்யூட்டருக்குள். ஆனால் அந்த அணியில் இருந்தவர்களை அவன் நடத்திய விதத்தை எந்த யூனியன்காரராவது பார்த்திருந்தால் அன்றைக்கே கொடி பிடித்திருப்பார்.

அந்த விளையாட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் நான். இரண்டாயிரத்து ஐந்தா, ஆறா, சரியாக நினைவில்லை. நான் வேலை பார்த்த சாஃப்ட்வேர் கம்பெனியில் என் வரிசைப் பையன்கள் எல்லோரும் அதில் மூழ்கிக் கிடந்தார்கள். இணையத்தில் பதிவு செய்துகொண்டால் நம் கையில் ஓர் அணியைக் கொடுத்துவிடுவார்கள். பந்தை நாம் தொட வேண்டியதில்லை. யாரை இறக்குவது, யாருக்கு என்ன பயிற்சி கொடுப்பது, யாரை வாங்குவது, யாரை விற்பது என்று தீர்மானிப்பது மட்டும்தான் நம் வேலை. ஆட்டம் தானாக நடந்து, யார் போட்டார் யார் தவறவிட்டார் என்று எழுத்து வரிகளாக ஓடும். ஆட்டக்காரர்களுக்குக் கம்ப்யூட்டரே பெயர் வைக்கும், முகம் வரையும். சில மாதங்களுக்கு ஒருமுறை ஒரு சீசன் முடியும். முடிந்தால் எல்லோருக்கும் ஒரு வயது கூடிவிடும்.

அங்கேதான் சிக்கல். பயிற்சிக்கு வாரத்தில் சில இடங்களே உண்டு. அந்த இடத்தில் பதினெட்டு வயதுக்காரனை நிறுத்தினால் மளமளவென்று ஏறுவான். முப்பதைத் தொட்டவனை நிறுத்தினால் அதே ஒரு படி ஏறுவதற்குள் நமக்குப் பொறுமை போய்விடும். இன்னும் வயதானால் ஏறுவது நின்று இறங்கவே ஆரம்பித்துவிடும். சம்பளம் மட்டும் இறங்காது. அதனால் அந்த விளையாட்டை ஆடுகிற எல்லோருக்கும் ஒரே வழக்குதான்: வயதானவனை வைத்துக்கொண்டு பயிற்சி கொடுப்பதா, விலை இருக்கும்போதே தள்ளிவிடுவதா. என் ஆபீஸில் சாப்பாட்டு மேசையில் இதற்காகக் குரல் உயர்ந்ததுண்டு. நான் வைத்துக்கொள்கிற கட்சி.

ஒரு சீசன் ஆடினேன், சலித்துவிட்டது. எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டர் ஒன்று மர்பி டவுன் வீட்டின் முன்னறையில் இருந்தது. பகல் முழுக்க வீட்டில் இருந்தவன் அண்ணன்தான். அண்ணி விடிந்ததும் கார்மெண்ட்ஸ் வேனில் போய்விடுவார், நான் கம்பெனி வண்டியில் போய்விடுவேன். பொழுது போகட்டுமே என்று அவனுக்கு என் பாஸ்வேர்டைச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு மாதத்துக்குள் அந்த அணி என்னுடையது இல்லை என்றாகிவிட்டது.

அண்ணன் பகலில் வீட்டில் இருந்ததற்குக் காரணம் ஒரு ஃபாக்டரி. தொண்ணூற்றொன்றில் அவனை வேலைக்கு எடுத்தார்கள். படிப்பைப் பார்த்து எடுக்கவில்லை, உயரத்தைப் பார்த்து எடுத்தார்கள். எங்கள் வீட்டு நிலைப்படியில் குனியாமல் நுழைய முடியாதவன் அவன். அல்சூர் பக்கத்து மைதானத்தில் அவன் ஆடியதைப் பார்த்த ஒரு ஸ்போர்ட்ஸ் ஆபீசர், விளையாட்டு ஒதுக்கீட்டில் உள்ளே இழுத்துக்கொண்டார். அந்தக் காலத்தில் பெரிய ஃபாக்டரி என்றால் அதற்கென்று ஓர் அணி இருக்கும், ஃபாக்டரிக்கும் ஃபாக்டரிக்கும் போட்டி நடக்கும். அண்ணன் காலையில் கையெழுத்துப் போடுவான், நேராக மைதானத்துக்குப் போய்விடுவான். வேலை என்று ஒரு ஸ்குரூவைக்கூட முடுக்கியதில்லை. கேன்டீனில் ஆட்டக்காரர்களுக்குத் தனியாக முட்டையும் பாலும் கொடுப்பார்கள். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்தேன். எங்கள் தெருவில் அவனுடைய தங்கை என்பதே எனக்கு ஒரு பதவி மாதிரி இருந்தது.

முப்பது நெருங்கியதும் முட்டி வீங்க ஆரம்பித்தது. கடைசியாக ஆடிய போட்டியில் முட்டியில் கட்டுப் போட்டு முழு ஆட்டமும் ஆடவைத்தார்கள். முடிந்ததும் உன்னைத்தான் கோச்சாகப் போடப்போகிறோம் என்று வாய் நிறையச் சொன்னார்கள். பிறகு ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். மற்றவர்கள் சேர்ந்த புதிதிலேயே கற்றுக்கொண்ட வேலை எதுவும் அவனுக்குத் தெரியாது. அவனை உட்காரவைத்துக் கற்றுக்கொடுக்க ஒருவரும் மெனக்கெடவில்லை. முப்பது வயதுக்கு மேல் இவனுக்கு என்ன கற்றுக்கொடுப்பது என்று அவன் காதுபடவே பேசியிருக்கிறார்கள். கொஞ்ச காலம் ஒரு நாற்காலியில் சும்மா வைத்திருந்துவிட்டு, ஆள் அதிகம் என்று சொல்லி விருப்ப ஓய்வில் அனுப்பினார்கள். யாருடைய விருப்பம் என்று நான்தான் கத்தினேன். அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி, அந்த ஃபாக்டரியை அவன் திட்டி நான் கேட்டதில்லை.

அதனால்தான், இவன் கைக்கு ஓர் அணி போனால் அதில் இருக்கும் வயதானவர்களுக்கு நல்ல காலம் பிறக்கும் என்று நினைத்தேன். பட்டவனுக்குத்தானே வலி தெரியும் என்று எண்ணிவிட்டேன். வலி தெரிந்தவன் இரக்கப்படுவான் என்று எந்த மடையன் சொன்னானோ தெரியவில்லை.

முதல் வாரமே முப்பதைத் தாண்டிய அத்தனை பேரையும் ஏலத்தில் போட்டான். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்களாகப் பார்த்து வாங்கினான். அவர்களை வளர்த்து, இருபத்தெட்டு ஆனதும் விற்றான். ஏலம் முடிகிற நேரத்தை எங்களுக்குச் சாயங்காலமாக வைப்பான். இத்தாலிக்காரனும் ஸ்பெயின்காரனும் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஆபீஸ் நாற்காலியில் சாய்கிற நேரம் அது, அப்போதுதான் கை தாராளமாக இருக்குமாம். விற்கப்போகிறவனை அதற்கு முந்தின ஆட்டங்களில் ஒரு நிமிஷம்கூட உட்காரவிடாமல் ஆடவைப்பான். புள்ளிகள் குவியும், வாங்குகிறவன் ஏமாறுவான். அந்த வித்தையை அவன் எங்கே கற்றுக்கொண்டான் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

நான் பதிவு செய்த அன்றைக்கே எனக்குக் கிடைத்த ஒரு சென்டர், வளையத்துக்கு அடியில் நின்று ஆடுகிறவன், மட்டும் மிச்சமிருந்தான். முப்பத்திரண்டு வயது, நல்ல உயரம், கம்ப்யூட்டர் அவனுக்குக் கோணல் மூக்கு ஒன்றை வரைந்து வைத்திருந்தது. அவனை விற்க வேண்டாம் என்று நான் சொல்லிவைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இட்லித் தட்டோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இரண்டு பேரும் சண்டை போட்டோம். இவனுக்குப் பந்தைத் தள்ளிக்கொடுக்கப் பழக்கலாம், உயரம் எங்கேயும் போகாது, அனுபவம் இருக்கிறது என்றேன். ஒரு வாரம் அணி முழுக்க, யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று எறிகிற ஃப்ரீ த்ரோ பயிற்சி கொடுத்தால் அதில் இவனும் தேறுவான், அதற்குத் தனி இடம்கூடத் தேவையில்லை என்றேன். நான் சொன்னது தப்பில்லை. அந்த விளையாட்டிலேயே அப்படி ஓர் ஏற்பாடு இருந்தது.

“தண்டம்மா,” என்றான் அண்ணன். “அவன் நிக்கற எடத்துல ஒரு சின்னப் பையன நிக்கவெச்சா அவன் நாளைக்கி நமக்கு ஆடுவான். இவன் இன்னா பண்ணுவான்? கத்துக்குவான், ரிட்டையர் ஆவான்.”

இவ்வளவு நாள் நமக்கு ஆடியிருக்கிறானே என்று கேட்டதற்கு, ஆடியதற்குச் சம்பளம் கொடுத்தாகிவிட்டது என்றான். அந்த வாரமே கோணல் மூக்குக்காரன் அடிமாட்டு விலைக்கு யாரோ ஒரு வெளிநாட்டுக்காரனிடம் போய்ச் சேர்ந்தான். நான் அண்ணனோடு பேசாமல் இருந்தேன். பொம்மைக்காக அண்ணனும் தங்கையும் மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறார்களே என்று அண்ணி தலையில் அடித்துக்கொண்டார்.

அணி என்னவோ மேலே ஏறியது. கீழ்ப் பிரிவில் கிடந்ததை அடுத்த பிரிவுக்குக் கொண்டுபோனான். புதிதாகச் சேர்ந்தவர்கள் சந்தேகம் கேட்கும் பக்கத்தில் அவன் தன் அரைகுறை ஆங்கிலத்தில் பதில் எழுதுவான். யார் என்ன கேட்டாலும் ஒரே பதில்: முப்பதுக்கு முன்னால் விற்றுவிட வேண்டும், பாசம் பார்த்தால் அணி நாசம். எங்கெங்கோ இருந்தவர்கள் நன்றி எழுதினார்கள். என் ஆபீஸ் பையன்கள் அவனைக் குரு என்றார்கள், உங்கள் அண்ணன் எந்த கம்பெனியில் மேனேஜர் என்று கேட்டார்கள். அவன் யாருடைய நியாயத்தைப் பேசிக்கொண்டிருக்கிறான் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அவனை நாற்காலியில் உட்காரவைத்து வெளியே அனுப்பியவர்களின் நியாயம் அது, வார்த்தைக்கு வார்த்தை.

இப்படி இருக்கும்போதுதான் அந்த போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் கறி வாங்கப் போயிருந்தான், நான் எடுத்தேன். பேசியவர் மல்லேஸ்வரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். ஒரு காலத்தில் வேறு ஃபாக்டரிக்காக அண்ணனுக்கு எதிராக ஆடியவராம். பள்ளியில் புதிதாகக் கூடைப்பந்து மைதானம் போட்டிருக்கிறார்கள், கோச் வேண்டும், பெரிய ஆட்டம் ஆடியவராக இருந்தால் நல்லது, உங்கள் அண்ணன் நினைவு வந்தது என்றார் கன்னடத்தில். கோச்சிங் கோர்ஸ் ஒன்று முடிக்க வேண்டும், கோடை விடுமுறையில் பள்ளியே அனுப்பிவைக்கும் என்றார். வயது என்ன ஆகிறது என்று அவர் கேட்கவே இல்லை. நானாகவே சொன்னேன். அவர் சிரித்தார், எனக்கும் அவன் வயதுதான் என்றார்.

அண்ணன் கறிப் பையோடு வந்ததும் சொன்னேன். பார்க்கலாம் என்றான். அண்ணி அந்தப் ‘பார்க்கலாம்’ என்பதைச் சரி என்றே எடுத்துக்கொண்டார். கார்மெண்ட்ஸில் ஏற்றுமதிக்குத் தேறாமல் ஒதுக்கிய ட்ராக் பேண்ட் ஒன்றைக் கொண்டுவந்தார். அவன் உயரத்துக்கு அது கெண்டைக்காலோடு நின்றது. அதே நிறத்தில் துணி தேடி அடியில் ஒட்டுப் போட்டுத் தைத்தார். அண்ணி பாடுவார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

சம்பளத்துக்காக இல்லை. அண்ணியின் சம்பளமும் என் சம்பளமும் சேர்ந்து வீடு ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவன் காலையில் எழுந்து, சட்டை மாட்டிக்கொண்டு, தெருவில் நாலு பேர் பார்க்க வேலைக்குப் போக வேண்டும். அது ஒன்றுதான் எங்களுக்கு வேண்டியிருந்தது. அவன் ஸ்டோர்ஸ் நாற்காலியில் இருந்து எழுந்து வந்து வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தவன், அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

ஒரு சனிக்கிழமை வரச் சொன்னார்கள். நீயும் வா என்று என்னைக் கூப்பிட்டான். அல்சூரில் பஸ் ஏறி, சிவாஜி நகரில் மாறி, மல்லேஸ்வரம் போனோம். வழி முழுக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடுகள் பளிச்சென்று இருந்தன. பிள்ளைகள் இவன் உயரத்தைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். பி.டி. மாஸ்டர் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார், பிறகு பந்தைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

நான் ஓரத்து சிமெண்டுப் படியில் உட்கார்ந்திருந்தேன். முதலில் அண்ணன் தயங்கினான். பந்தை இரண்டு முறை தட்டினான். அப்புறம் ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்று எறிந்தான், வளையத்தில் படாமல் வலையை மட்டும் அசைத்துவிட்டு இறங்கியது. பிள்ளைகள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஒரு பெண் பிள்ளை பந்தை நெஞ்சிலிருந்து தள்ளிக்கொண்டிருந்தாள், வளையம் வரைக்கும் போகவே இல்லை. அண்ணன் அவளுக்குப் பக்கத்தில் முட்டி போட முடியாமல், இடுப்பை மட்டும் மடித்துக் குனிந்து, ஏதோ சொன்னான். முழங்கையை எங்கே வைக்க வேண்டும் என்று தன் கையில் காட்டினான். அவள் மறுபடி எறிந்தாள், மறுபடி எறிந்தாள், கடைசியில் ஒன்று விழுந்தது. அந்தப் பிள்ளையைவிட அண்ணன் முகம்தான் பெரிதாக மலர்ந்தது. அந்த முகத்தைப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

பி.டி. மாஸ்டருக்கு வேறு எதுவும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. திங்கட்கிழமை வந்து பிரின்சிபாலைப் பார்த்துவிடு, கோர்ஸுக்கு உன் பெயரைக் கொடுத்துவிடுகிறேன் என்றார். அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பேச்சு கன்னடத்தில்தான் நடந்தது, ஆனால் எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் அப்படியே நினைவிருக்கிறது.

“வேணாம் சார். எனக்கு வயசாயிடுச்சு. எனக்குக் கோர்ஸுக்குக் கட்டறது உங்களுக்கு வேஸ்ட். எங்க ஏரியாவுல ஒரு பையன் இருக்கான், இருபத்திரெண்டுதான் ஆவுது. நல்லா ஆடுவான். அவன அனுப்புங்க, உங்களுக்கு ரொம்ப வருஷம் வருவான்.”

மாஸ்டர் முதலில் அவன் வேடிக்கைக்குச் சொல்கிறான் என்று நினைத்துச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. எனக்கு நீதான் வேண்டும் என்று கேட்டுப் பார்த்தார். அண்ணன் கையைக் கூப்பிவிட்டு, அந்தப் பையனின் போன் நம்பரைச் சொன்னான். நம்பரை மனப்பாடமாகச் சொன்னான். அப்படியென்றால் கிளம்பும்போதே முடிவு செய்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறான். பிறகு எதற்கு அந்தப் பந்தைக் கையில் வாங்கினான்? எதற்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனான்? இன்றைக்கும் எனக்கு அது விளங்கவில்லை.

பஸ்ஸில் நான் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. பக்கத்து சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குத் திட்டினேன். அவன் சொன்னது ஒன்றுதான்: கணக்குப் போட்டுப் பார், நான் சொன்னதில் தப்பு இருக்கிறதா.

“உன்ன ஆடறதுக்காண்ணா கூப்டாங்க? கத்துக்குடுக்கக் கூப்டாங்க. கத்துக்குடுக்கறவனுக்கு முட்டி எதுக்கு, வயசு எதுக்கு?”

அந்த விளையாட்டில் அவன் நூறு பேருக்குச் சொன்ன கணக்கில் ஆட்டக்காரர்கள் மட்டும்தான் இருந்தார்கள். அதே கணக்கை வைத்துத் தன்னையும் அளந்துவிட்டான். பயந்துவிட்டான் என்று அப்போது நினைத்தேன். அல்லது, மறுபடி யாராவது வெளியே அனுப்புவதற்கு முன்னால் தானே இறங்கிவிடுவது மரியாதை என்று நினைத்தானோ என்னவோ. எதுவாக இருந்தாலும் எனக்கு இரக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்த ஃபாக்டரி அவனை அனுப்பியபோது அவன் வேலை மட்டும்தான் போயிற்று என்று நான் நினைத்திருந்தேன். அவர்கள் சொன்னதை அவன் நம்பியும் விட்டான் என்பது அந்த பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது.

அந்தப் பையன் மறுவாரமே போய்ச் சேர்ந்தான். கோர்ஸ் முடித்தான். இன்றைக்கும் அதே பள்ளியில்தான் இருக்கிறான். அவனுக்கும் நாற்பது தாண்டிவிட்டது, தொப்பை போட்டுவிட்டது, முட்டி வலி என்று மாத்திரை சாப்பிடுகிறானாம். அவனை யாரும் வெளியே அனுப்பவில்லை.

நாங்கள் பள்ளிக்குப் போய்வந்த அன்றைக்குச் சாயங்காலம் அண்ணி ஓவர்டைமை வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சீக்கிரமே வந்துவிட்டார். கையில் ஸ்வீட் பெட்டி. செருப்பைக் கழற்றும் முன்பே என்ன ஆயிற்று என்று கேட்டார். நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

“அவங்களுக்குச் சின்னப் பையனா ஒருத்தன் கெடச்சிட்டான்,” என்றான்.

அதில் பொய் என்று ஒரு வார்த்தை இல்லை. அண்ணி ஸ்வீட் பெட்டியை டிவி மேல் வைத்தார். முகம் கழுவினார், சோறு வடித்தார். அப்புறம் ஆரம்பித்தார். அந்தப் பள்ளியைத் திட்டினார், பி.டி. மாஸ்டரின் குடும்பத்தையே திட்டினார், வீடு தேடி போன் பண்ணிக் கூப்பிட்டுவிட்டுக் கழுத்தறுக்கிறார்களே என்றார். எனக்கு உண்மை நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் அண்ணி மாஸ்டரைத் திட்டுவதை விட்டுவிட்டு அவனைப் பார்த்திருப்பார். அந்தப் பார்வையை அவன் எப்படித் தாங்குவான் என்று தெரியவில்லை, வாயை மூடிக்கொண்டேன்.

அண்ணி அவன் தட்டில் குழம்பை ஊற்றினார். ஊற்றிவிட்டு, கரண்டியை வைக்காமல் அப்படியே நின்றார்.

“நீங்க பந்து போடறத கண்ணால பாத்துட்டு, அதுக்கப்புறமும் உங்கள வேணாம்னு சொல்றதுக்கு ஒரு மனுஷனுக்கு எப்படிங்க மனசு வரும்?”

அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.